மோத்ரியாவின் முகத்துக்கு ஒரு வரி

ஒதெஸ்ஸா
9 ஜனவரி 1967

மகார்,

நலமா என்று தொடங்குவதா, உயிரோடு இருக்கிறாயா என்று தொடங்குவதா என்று தெரியாமல் உன் பெயரை மட்டும் எழுதிவிட்டேன். நான் வர்வாரா. எந்த வர்வாரா என்று கேட்பாயானால் இந்தத் தாளை இப்போதே அடுப்பில் போட்டுவிடு. உன் முகவரியைச் செய்திப்படக்காரர்களின் சங்கத்தில் கேட்டு வாங்கினேன். இத்தனை வருஷமாக உரால் மலைப் பனியில்தான் கிடக்கிறாயாமே. கடலைப் பார்க்காமல் எப்படி இருக்கிறாய்?

விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருஷம் புரட்சியின் ஐம்பதாவது ஆண்டு. பழைய மௌனப் படங்களைத் தூசி தட்டி, இசையும் குரலும் சேர்த்து மறுபடி திரையிடுகிறார்கள். பட்டியலில் நம் "அக்கரை"யும் இருக்கிறது. ஆமாம், நீ கேமராவின் கைப்பிடியைச் சுற்ற, நான் கத்தரியும் பசையுமாக வெட்டி ஒட்டிய அதே படம். இயக்குநர் வெனியமின் போய்ச் சேர்ந்துவிட்டார். நடித்தவர்களில் பாதிப் பேர் ஜெர்மானியரோடு நடந்த போரில் போய்விட்டார்கள். மீதி இருப்பது நான்தான் என்று, பென்ஷன் வாங்கி வீட்டில் ஊறுகாய் போட்டுக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டு மேஜை முன்னால் உட்கார வைத்திருக்கிறார்கள்.

கீவிலிருந்து ஒரு பிரதி கிடைத்தது. நான்காவது சுருளில், காட்சிக்கு நடுவே வசனம் காட்டும் எழுத்தட்டைகள் எல்லாம் போய்விட்டன. அந்தக் கிராமத்துப் பெண் மோத்ரியா ஆற்றங்கரையில் அழுகிற இடம் அதில்தான் வருகிறது. "இங்கே என்ன அட்டை இருந்தது, வர்வாரா இல்யினிஷ்னா?" என்று இளைஞர்கள் கேட்டார்கள். மறந்துவிட்டது என்று சொன்னேன். ஒரு எழுத்துக்கூட மறக்கவில்லை என்பது உனக்குத் தெரியும்.

அந்த முகத்தை நாற்பது வருஷம் கழித்துப் பார்த்தேன், மகார். வெயில் அவள் கன்னத்தில் எப்படி விழுந்திருக்கிறது! அவள் உதடு அசைகிறது. என்னவோ சொல்கிறாள். அன்றைக்கு நான் அதைக் கவனிக்கவே இல்லை. நீ பக்கத்தில் நின்றாய். என்ன சொன்னாள்?

வர்வாரா

*

பெர்ம்
27 ஜனவரி 1967

மதிப்புக்குரிய வர்வாரா இல்யினிஷ்னா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நான் உயிரோடு இருக்கிறேன். மனைவி காலமாகிவிட்டாள். மகள் வீட்டில் வசிக்கிறேன். கண்ணில் புரை விழுந்திருக்கிறது.

அட்டையில் இருந்த வரி உங்களுக்கு மறந்திருந்தால் நான் நினைவூட்டுகிறேன். "அழாதே, தாயே! உன் மகனின் குருதியில் நம் கொடி சிவந்தது!" மிகவும் நன்றாக எழுதப்பட்ட வரி. அந்தத் தாயின் மகன் உள்நாட்டுப் போரில் நம் செம்படையில் சாகவில்லை, எதிரியான வெள்ளைப்படையின் சீருடையில் செத்தான் என்பதை நான் படப்பிடிப்பு முடிந்து வந்த அன்றே உங்களிடம் சொல்லியிருந்தேன். தெரிந்தே எழுதினீர்கள்.

அவள் என்ன சொன்னாள் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டிய அவசியம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. புதிதாக இன்னொரு வரி எழுதத்தானே கேட்கிறீர்கள்.

மரியாதையுடன்,
மகார் நசாரிச்

பின்குறிப்பு: பேரிக்காய் வாசம் வீசுமே, அந்தப் பசைதான் இப்போதும் புழங்குகிறீர்களா?

*

ஒதெஸ்ஸா
6 பிப்ரவரி 1967

மதிப்புக்குரிய, மாட்சிமை பொருந்திய மகார் நசாரிச் அவர்களுக்கு!

போதுமா மரியாதை? நான் மடியில் தர்பூசணி வைத்து வெட்டித் தர, நீ விதையை என் கழுத்துக்குள் துப்பிச் சிரித்த ஆள். என்னிடம் போய் "நீங்கள்" என்கிறாய். பசை மாறிவிட்டது. இப்போது மருந்துக்கடை வாசம். பேரிக்காய் இல்லை.

இனி நான் சொல்வதைக் கேள். அன்று கேட்டிருக்க வேண்டியது.

மேலிடத்திலிருந்து மூன்று தோழர்கள் படம் பார்க்க வந்தார்கள். மோத்ரியா வந்ததும் ஒருவர் விளக்கைப் போடச் சொன்னார். "இது யாரோட அம்மா?" வெனியமின் "ஒரு தாய்" என்றார். "தாய்னா? எந்த வர்க்கத்துத் தாய்? முன்னாடி காட்டுற பொணமெல்லாம் வெள்ளைப்படைக்காரனுங்க. இந்தம்மா பகைவனுக்கா அழுவுது? நாம அதைப் பார்த்து உருகணுமா?" வெனியமின் வெளுத்துப்போனார். அவர்கள் போனதும் கத்தரியை எடுத்தார். "வார்யா, வெட்டிடு. வம்பே வேண்டாம்" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சாப்பாட்டு வேளை வரை பொறுங்கள் என்றேன். மூக்கைத் துடைத்துக்கொண்டே செத்துக்கிடக்கும் செம்படை வீரர்களை முன்னால் ஒட்டினேன். பின்னால் கொடி. நடுவில் அந்த வரி. முகம் பிழைத்தது.

நீ மூன்று மணிக்கு வந்தாய். பார்த்தாய். பசை டப்பாவைத் தூக்கி ஜன்னல் வழியாக எறிந்தாய். "செத்தவனுக்குக்கூடச் சட்டை மாத்துற பொம்பளை நீ" என்று சொல்லிவிட்டுப் போனாய். ஒரு வார்த்தை கேட்டாயா, ஏன் செய்தாய் என்று? வியாழக்கிழமை நாம் திருமணப் பதிவு அலுவலகத்துக்குப் போவதற்காக உன் வெள்ளைச் சட்டையை நான் இஸ்திரி போட்டுத் தொங்கவிட்டிருந்தேன். அது அந்த வருஷம் முழுக்க அங்கேயே தொங்கியது.

அந்த வரிக்காக நான் வெட்கப்படவில்லை. இன்றைக்கும் அதே நிலைமை வந்தால் அதையேதான் எழுதுவேன். ஆனால் இன்று அந்த நிலைமையா என்று தெரியவில்லை. அதனால்தான் கேட்கிறேன்.

இப்போது குரல் சேர்க்கப் போகிறார்கள். இருபத்தெட்டு வயதுப் பையன் ஒருவன் எழுதியிருக்கிறான்: "தாயகத்துக்கு மகனைத் தந்த தாய், பெருமிதக் கண்ணீர் சிந்துகிறாள்." பெருமிதமாம். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் எழுதினானா? வானொலியில் செய்தி படிக்கிறவரின் குரலில் இதைச் சொல்லப் போகிறார்கள். கோபப்படு, பரவாயில்லை. ஆனால் எனக்கு உதவு.

வர்வாரா

*

பெர்ம்
2 மார்ச் 1967

வார்யா,

உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு காமா நதிக்கரையில் தினமும் நடந்தேன். ஆறு இன்னும் உறைந்துதான் இருக்கிறது. மகள், "என்னப்பா, தனியாப் பேசிக்கிட்டு நடக்குறீங்க?" என்கிறாள்.

அவர்கள் வெட்டச் சொன்னது எனக்குத் தெரியாது. வெனியமின் பிற்பாடுகூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. மனுஷனுக்குத் தைரியம் எப்போதுமே குறைவு. இதற்கு மேல் இதைப் பற்றி என்னால் எழுத முடியவில்லை. நீ கேட்டதை எழுதுகிறேன்.

நாங்கள் படம் எடுத்த வெர்பிவ்கா கிராமம் நினைவிருக்கிறதா? நீ வரவில்லை, நான் கதை கதையாகச் சொல்லியிருக்கிறேன். நீப்பர் ஆற்றின் நாணல், காலையில் எழும்பும் வாத்துகள், ஊர்ப் பெண்கள் வறுத்துத் தந்த சூரியகாந்தி விதை. அன்றைக்குச் செம்படை வீரர்களுக்காக அழ வேண்டும் என்று சொல்லிப் பத்துப் பதினைந்து பெண்களை நிறுத்தியிருந்தோம். யாருக்கும் அழுகை வரவில்லை. நடிகர்கள் உதட்டில் பூசியிருந்த சாயத்தைப் பார்த்து, "இவன் செத்தானா, கல்யாணத்துக்குப் போறானா?" என்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். வெனியமின் தொப்பியைத் தரையில் அடித்தார். சரி, முதலில் வெள்ளைப்படைப் பிணங்களை எடுத்துவிடலாம் என்று, அந்தச் சீருடை போட்ட பையன்களைக் கரையோரத் தண்ணீரில் குப்புறப் படுக்க வைத்தோம்.

மோத்ரியா அந்தக் கூட்டத்திலேயே இல்லை. ஓடிப்போன தன் வாத்தைத் தேடிக்கொண்டு வந்தவள். நாணலை விலக்கிக்கொண்டு வந்து நின்றாள். பார்த்தாள். இது சினிமா என்று அவளுக்குத் தெரியும், வார்யா. எல்லோருக்கும் தெரியும். அவள் மகன் பனாஸை வண்டியோடும் குதிரையோடும் சேர்த்து வெள்ளைப்படைக்காரர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். அதே சட்டையை மாட்டிவிட்டார்கள். அந்தச் சட்டையோடு சுடப்பட்டு ஆற்றில் போனான். உடம்பு கிடைக்கவில்லை.

அவள் நேராகத் தண்ணீருக்குள் இறங்கினாள். ஒரு பையனின் தோளைப் பிடித்துப் புரட்டினாள். அவன் பாவம், ஒற்றைக் கண்ணைத் திறந்து, "அம்மா, நான் செத்தவன். தொடாதீங்க, டைரக்டர் திட்டுவாரு" என்றான். அவள் அவன் முகத்தைத் தலைத்துணியின் நுனியால் துடைத்தாள். "எந்திரிடா, தண்ணி சில்லுன்னு இருக்கு" என்றாள். "எந்திரிடா பனாஸ், தண்ணி சில்லுன்னு இருக்கு." திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னாள். அப்புறம் கரையில் உட்கார்ந்து அழுதாள். யாரும் சொல்லாமல் நான் கேமராவைத் திருப்பியிருந்தேன். கை தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. வேகம் தப்பாமல் இருக்க வாய்க்குள் ஒரு பாட்டு முணுமுணுப்பேனே, அன்று அதுவும் வரவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். படம் வெளியான வருஷம் இலையுதிர்காலத்தில் நான் வெர்பிவ்கா போனேன். தானியக் கொட்டகையில் துணி கட்டி, படம் காட்டினார்கள். அக்கார்டியன்காரன் ஒருவன் வாசித்தான். ஊரில் பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. பனாஸின் மனைவி ஒதார்க்கா முதியோர் பள்ளியில் எழுத்துக் கற்றிருந்தாள். அவள்தான் முன்னால் நின்று ஒவ்வொரு அட்டையையும் உரக்கப் படித்தாள். மோத்ரியா முதல் வரிசையில் ஒரு மூட்டை மேல் உட்கார்ந்திருந்தாள். நான்காவது சுருளில் ஆறு வந்தது. சொந்த மருமகளின் வாயாலேயே உன் வரியை அவள் கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன். எழுந்து வெளியே வந்துவிட்டேன். படகுத்துறை வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தக் கோபத்தில்தான் இத்தனை வருஷமும் ஓடியது.

மகார்

*

ஒதெஸ்ஸா
14 மே 1967

மகார்,

இரண்டு மாதமாக ஏன் எழுதவில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாய். நான் வெர்பிவ்கா போய் வந்தேன்.

பனி போகட்டும் என்று காத்திருந்து, ஹெர்சோனிலிருந்து படகில் போனேன். நாணல் அப்படியே இருக்கிறது. கொட்டகை இருந்த இடத்தில் செங்கல் கட்டிய மன்றம், வாசலில் பெஞ்சு. மோத்ரியா போர் முடிந்த சில வருஷத்தில் இறந்துவிட்டாள். ஒதார்க்கா இருக்கிறாள், கல்லு மாதிரி. பூத்திருந்த செர்ரி மரத்துக்கு அடியில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். நான் யார் என்று சொன்னேன். ஏற இறங்கப் பார்த்தாள்.

"அந்த அட்டை எழுதின பொம்பள நீங்கதானா?"

"நான்தான்."

"எழுத்து அழகா இருந்துச்சு. விஷயந்தான் சரியில்ல."

எனக்குச் சிரிப்பும் வந்தது, காது மடலும் சுட்டது. பக்கத்தில் உட்காரச் சொல்லி ஒரு கத்தியைக் கையில் கொடுத்தாள். இரண்டு பேரும் தோல் சீவிக்கொண்டே பேசினோம். "உங்க மாமியார் அந்த வரியைக் கேட்டப்ப என்ன பண்ணாங்க?" என்று கேட்டேன். இதைக் கேட்கத்தான் படகு ஏறிப் போனேன், மகார். உனக்கு மட்டும்தான் பயம் என்று நினைக்காதே.

"எந்த வரியை?" என்றாள்.

"கொடி சிவந்ததுன்னு..."

"அதை யார் படிச்சா?"

நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். அவள் வைக்கவில்லை, சீவிக்கொண்டே சொன்னாள்.

"அட்டை வந்துச்சு. பார்த்தேன். எனக்கு வாய் வரல. இந்தப் பக்கம் அத்தை என்னையே பார்க்குறாங்க. திரையில அவங்க வாய் அசையறதைப் பார்த்தீங்கல்ல? அன்னிக்கு ஆத்தங்கரையில நானும் நின்னேன், என்ன சொன்னாங்கன்னு எனக்குத் தெரியும். அதையே படிச்சேன். 'எந்திரிடா பனாஸ், தண்ணி சில்லுன்னு இருக்கு.'"

"ஊர்ல படிக்கத் தெரிஞ்சவங்க யாரும் இல்லையா?"

"ஏன் இல்ல? வாத்தியார் இருந்தார். முன்னாடியே எங்க ஊர் சோவியத் சபைத் தலைவர் உட்கார்ந்திருந்தார், செம்படையில கால் போனவர். பனாஸைச் சுட்ட கூட்டத்துல அவரே இருந்திருப்பார், யார் கண்டா. நான் படிச்சதும் அக்கார்டியன்காரன்கூட நிறுத்திட்டான். சரி, இன்னியோட நான் தொலைஞ்சேன்னு நினைச்சேன். அவர் கட்டைக்காலைத் தட்டினார். 'ஒதார்க்கா, சத்தமாப் படி. பின்னாடி கேக்கல'ன்னார்."

அவள் மறுபடி சத்தமாகப் படித்தாளாம். பின் வரிசையில் பெண்கள் அழுதார்களாம். இரண்டு பக்கமும் பிள்ளையைக் கொடுத்தவர்கள் அந்த ஊரில் இருந்தார்கள்.

அப்புறமும் படம் பலமுறை அங்கே வந்திருக்கிறது. "வேற யாராவது படிச்சிருந்தா?" என்று கேட்டேன். "வேற யாரை நான் படிக்க விட்டேன்?" என்றாள். மோத்ரியா ஒவ்வொரு தடவையும் நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு போவாளாம். யாராவது, "படத்துல நீதானே அழுவுற?" என்று கேட்டால், "அழல. பையனை எழுப்புறேன்" என்பாளாம்.

நீ அன்றைக்கு இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் இதைக் கேட்டிருப்பாய். கேட்டிருந்தால் அடுத்த படகில் இங்கே வந்து என்னோடு சண்டை போட்டிருப்பாய். சண்டை போடுகிறவன் பிறகு சமாதானமும் ஆகிறான். ஓடிப்போகிறவனை என்ன செய்வது? படகில் திரும்பி வரும்போது இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். உன் மேல் கோபமாக இருக்க நினைத்தேன். காற்று நன்றாக இருந்தது. முடியவில்லை.

வார்யா

*

பெர்ம்
30 மே 1967

வார்யா,

உன் கடிதத்தை மகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். என் கண்ணுக்கு உன் எழுத்து இப்போது எட்டுவதில்லை; நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவதும் அவள்தான். "சத்தமாப் படி" என்ற இடத்தில் அவளால் தொடர முடியவில்லை. எழுந்து போய்த் தேநீர் போட்டுக் கொண்டு வந்தாள். "யாருப்பா இந்த வார்யா?" என்று கேட்டாள். அவள் அம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை. மூன்று நாளாக அவளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பிரெஞ்சு வீதி ஸ்டூடியோ, கத்தரி மேஜையில் வரிசையாக உட்கார்ந்து பாடுகிற பெண்கள், நீ கழுத்தில் மாலை மாதிரிப் போட்டுக்கொண்டு அலையும் பிலிம் துண்டுகள், நான் தொட வந்தால் "கைரேகை! கைரேகை!" என்று கத்துவாயே, அது. இத்தனை சந்தோஷமாக இருந்தோம் என்பது சொல்லும்போதுதான் எனக்கே தெரிகிறது.

ஆனாலும் ஒன்று சொல்லத்தான் வேண்டும், கோபித்துக்கொள்ளாதே. வெர்பிவ்கா ஒரே ஒரு ஊர். கீவில், ஹார்கிவில், இந்தப் பெர்மில்கூட உன் வரியைத்தான் ஜனங்கள் படித்தார்கள். எத்தனையோ பையன்கள் அதைப் படித்துவிட்டுக் கை தட்டியிருப்பார்கள். ஒவ்வொரு கொட்டகையிலும் ஒரு ஒதார்க்கா இல்லை. நீ முகத்தைக் காப்பாற்றினாய், ஒப்புக்கொள்கிறேன். அதன் வாயை வேறு ஒருவருக்குக் கொடுத்தாய், அதையும் ஒப்புக்கொள்.

இப்போது கேட்கிறாயே, அதற்குப் பதில்: எதுவும் போடாதே. அட்டை வேண்டாம், குரல் வேண்டாம், வயலினும் வேண்டாம். பனாஸின் பெயரையும் போடாதே, அது அவர்கள் வீட்டு விஷயம். பார்க்கிறவன் பார்க்கட்டும்.

விடுவார்களா?

மகார்

*

ஒதெஸ்ஸா
18 செப்டம்பர் 1967

மகார்,

முடிந்தது. நேற்றுப் படத்தைப் பார்த்து ஒப்புதல் கொடுத்தார்கள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், பிறகு நீ திட்டு.

சிறிய அரங்கு, ஏழெட்டுத் தோழர்கள், மேஜையில் மினரல் வாட்டர் பாட்டில். மோத்ரியா வந்தாள். அந்த இடத்தில் குரலை நான் ஏற்கெனவே நீக்கியிருந்தேன். இசையையும் நீக்கியிருந்தேன். நிசப்தம். நடுவில் இருந்தவர் திரும்பினார். "ஒலிக் கருவி கெட்டுப்போச்சா?"

"இல்ல தோழர். அப்படித்தான்."

"வர்ணனை எங்க? அந்தத் தம்பி நல்லாத்தானே எழுதியிருந்தார்?"

உண்மையைச் சொன்னால் என்ன ஆகும்? அந்த முகத்தையே தூக்கிவிடுவார்கள். அதனால் அவர்கள் பாஷையிலேயே பேசினேன், மகார். எழுந்து நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சொன்னேன். "தோழர்களே, அம்பது வருஷத்துக்கு அப்புறமும் நம்ம ஜனங்களுக்கு இதை விளக்கித்தான் சொல்லணுமா? விளக்கினா, அவங்க அரசியல் முதிர்ச்சியை நாமே சந்தேகப்படுற மாதிரி ஆகாதா?" அவர் பாட்டிலைப் பார்த்தார், பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். முதிர்ச்சி இல்லை என்று எப்படிச் சொல்வார்? "சரி, சரி. ஒரு வலுவான மௌனம்னு வெச்சுக்கலாம்" என்று எழுதிக்கொண்டார். வலுவான மௌனமாம்!

அதற்குப் பதிலாக ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். சொல்ல மனம் வரவில்லை. செம்படைப் பையன்கள் வண்டி மேல் உட்கார்ந்து தர்பூசணி தின்பார்களே, மோவாயில் சாறு வழிய, விதையைத் துப்பிச் சிரித்துக்கொண்டு. படத்திலேயே உன் கை எடுத்ததில் எனக்குப் பிடித்தது அதுதான். "மாவீரர்களை இப்படிக் காட்டலாமா?" என்றார்கள். நான் சண்டை போட்டேன். ஒன்றை வைத்துக்கொள், ஒன்றை விடு என்கிற மாதிரி இருந்தது. நானே வெட்டினேன். வேறு யார் கையிலும் கொடுக்கவில்லை.

நீ எழுதியது உண்மைதான், வாயை வேறு ஒருவருக்குக் கொடுத்தேன். அதைத் திருப்பி வாங்க மறுபடியும் ஒரு பொய்யைத்தான் சொல்ல வேண்டியிருந்தது. எனக்கு வேறு வழி தெரியவில்லை. வயதும் ஆகிவிட்டது.

நவம்பரில் வரும் புரட்சி விழாவுக்கு எல்லா ஊரிலும் போடுகிறார்கள். உன் ஊரிலும் வரும். போய்ப் பார்ப்பாயா? இந்தத் தடவை நடுவில் எழுந்து போகாதே.

வார்யா

*

பெர்ம்
12 நவம்பர் 1967

வார்யா,

தர்பூசணிக்காக ஒருநாள் முழுக்க யாரோடும் பேசவில்லை. அந்த வண்டியில் இருந்த பையன்களில் ஒருவன் பிற்பாடு போரில் லெனின்கிராட் அருகே செத்து விழுந்ததை நானே படம் எடுத்தேன். அவன் சிரித்தது இனி எங்கேயும் இல்லை. இருந்தாலும் நீ வெட்டினாய் என்பதில் ஒரு ஆறுதல்.

கண் அறுவை சிகிச்சை போன மாதம் முடிந்தது. இது என் சொந்தக் கையெழுத்து, பார். புது வருஷம் பிறந்ததும் நீண்ட பயணம் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எங்கே என்று அவர் கேட்கவில்லை. மகள் கேட்காமலேயே டிக்கெட் வாங்கப் போயிருக்கிறாள். இந்தக் கிழவனை ஸ்டேஷனில் உனக்கு அடையாளம் தெரியாது. நான் உன்னைக் கண்டுபிடித்துக்கொள்கிறேன். முகங்களைப் பார்ப்பதுதானே என் பிழைப்பு.

நேற்று மாலை படத்துக்குப் போனேன். அரங்கு நிறைந்திருந்தது, முக்கால்வாசி மாணவர்கள். பழைய படம் என்று கேலி செய்யத்தான் வந்திருந்தார்கள். எல்லோரும் வேகவேகமாக நடப்பதைப் பார்த்துச் சிரித்தார்கள், மீசையைப் பார்த்துச் சிரித்தார்கள். குரல்காரர் முழங்கும்போதெல்லாம் பின் வரிசையில் ஒரு பையன் அதேபோல் முழங்கிக் காட்டினான். எனக்குக் கோபம் வரவில்லை. நாமும் அந்த வயதில் எல்லாவற்றுக்கும் சிரித்தவர்கள்தானே.

நான்காவது சுருளில் ஆறு வந்தது. நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குரல் நின்றது. இசை நின்றது. மோத்ரியா வந்தாள்.

சத்தம் கெட்டுவிட்டது என்று முதலில் இரண்டு பேர் விசில் அடித்தார்கள். பிறகு அதுவும் நின்றது. அத்தனை பேரும் மூச்சுவிடுவது எனக்குக் கேட்டது.

பின்னால் அந்த முழங்கிக் காட்டிய பையன், இப்போது மெதுவாக, பக்கத்தில் இருந்த பெண்ணிடம் கேட்டான். "யாருக்காக அழுவுறாங்க? இவங்க ஆளா, அவங்க ஆளா?"

நான் திரும்பினேன். சொல்வதற்கு வாயைத் திறந்துவிட்டேன், வார்யா. பெயர், ஊர், படை எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது.

அந்தப் பெண் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பையனுக்குடா," என்றாள். "வேற யாருக்கு?"

நான் வாயை மூடிக்கொண்டு முன்னால் திரும்பி உட்கார்ந்தேன்.

உன்
மகார்